பொறியியல் படிப்பும் கடை முதலும்



ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்துவிட்டால், மதுரை கீழமாசி வீதியில் நமது பருப்பு மண்டிக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்களின் பேச்சு மாறிவிடும். அதுவரை துவரை என்ன விலை, உளுந்து ஏறுமா இறங்குமா என்று கேட்டவர்கள், பையனை எந்தக் காலேஜில் போடலாம் என்று கேட்கத் தொடங்குவார்கள். சென்ற ஆண்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு கடைக்காரர் கல்லாவின் முன் தயங்கியபடி நின்றார். பதினைந்து ஆண்டுகளாகச் சொன்ன தேதியில் பாக்கி செலுத்துபவர்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை பாக்கியை ஆடி கழிச்சு வாங்கிக்கிடுங்க. பையனுக்கு இன்ஜினீயரிங் சீட்டு சொல்லி வச்சிருக்காங்க. கையிலே இருக்கிறதைக் கட்டிட்டா உறுதியாயிரும்."

"எவ்வளவு தம்பி?"

"முதல்லே ஒண்ணரை லட்சம். அப்புறம் வருஷா வருஷம் ஃபீஸ்."

"அந்த ஒண்ணரைக்கு ரசீது தருவாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவரை உட்காரவைத்துச் சொன்னவற்றையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம். நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று, 1977இல் மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தவர்கள். பொறியியல் பாடம் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கொள்முதல் தெரியும். முதல் எப்படிக் கரையும் என்பதும் தெரியும். அதற்கு மேல், இதே தவறை நாமே ஒருமுறை செய்திருக்கிறோம்.

நாம் செய்த தவறு

2003இல் நமது மூத்த மகனை ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தோம். கட்டடம் பெரிதாக இருந்தது, பேருந்துகள் வரிசையாக நின்றன, அதைப் பார்த்தே முடிவு செய்தோம். ஒரு மூட்டை துவரம்பருப்பை வாங்கும் முன் பத்துப் பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கும் நாம், நான்கு ஆண்டுப் படிப்பை வாங்கும்போது உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கட்டிய பணமோ குல்பர்கா பருப்பு மில்லுக்கு அனுப்ப வைத்திருந்த பணம். ஏழு நாளில் பணம் போனால் கிடைக்கும் தள்ளுபடி போயிற்று. அடுத்த பருவத்தில் நமக்கு முதல் லோடு தருவதும் நின்றது. அந்த மில்லில் பழைய பெயரை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

மகன் 2007இல் வெளியே வந்தபோது மூன்று தாள்கள் அரியர். அவற்றை எழுதி முடிப்பதற்குள் 2008இன் உலகப் பொருளாதாரச் சரிவு வந்துவிட்டது. மென்பொருள் கம்பெனிகள் ஆள் எடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. எட்டு மாதம் வீட்டில் இருந்தான். கடைக்கு வா என்றால், தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று வரமாட்டான். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "இத்தனை பணத்தைப் போட்டு என்னத்தைக் கண்டோம்" என்று நாம் கேட்டுவிட்டோம். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். 2009இல் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் 6,000 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தான். இன்று அங்கேயே ஒரு பிரிவின் பொறுப்பில் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். போட்ட பணம் எப்படியோ திரும்பிவிட்டது. அன்று சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

வரத்தும் விலையும்

ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சென்னையில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரி மூத்தது. பின்னர் காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரும் மதுரையில் கருமுத்து தியாகராசச் செட்டியாரும் கல்லூரி கண்டார்கள். இருவரும் வணிகமும் ஆலைத் தொழிலும் செய்த பெருமக்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அன்று பட்டம் பெற்றவர்கள் குறைவு. எனவே பட்டத்துக்கு வேலை தேடி வந்தது.

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கல்லூரிகள் ஐநூறைத் தாண்டின. பிறகு பிள்ளைகள் சேராமல் பல மூடப்பட்டு, இப்போது நானூற்றுச் சொச்சத்தில் நிற்கின்றன. அப்படியும் கலந்தாய்வு முடிந்தபின் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. வரத்து மிகுந்த சரக்குக்கு யாராவது கூடுதல் விலை கொடுப்பார்களா? பெயர்பெற்ற சில கல்லூரிகளையும், எல்லோரும் கேட்கும் கம்ப்யூட்டர் பாடத்தையும் தவிர்த்தால், தரகர் வைத்துச் சீட்டுப் பிடிக்கவேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. இந்தச் செய்தி நம் கடைக்காரர் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2015இல் துவரம்பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாய் வரை போனது நினைவிருக்கும். அதைப் பார்த்து நாடு முழுவதும் துவரை விதைத்தார்கள். 2016-17இல் விளைச்சல் கொட்டியது. அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். மண்டியில் அதற்கும் கீழே விற்றது. துவரைக்காவது ஒரு பருவம். பொறியியல் பயிர் அறுவடைக்கு வர நான்கு ஆண்டுகள். 2021, 2022இல் மென்பொருள் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து, கம்ப்யூட்டர் பாடம்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். 2023, 2024இல் அதே கம்பெனிகள் கையை இழுத்துக்கொண்டன. ஒரு பாடத்துக்கு இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பையும் 2024இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கிவிட்டதால், கல்லூரிகள் அந்தப் பாடத்தில் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. இன்றைய விலையைப் பார்த்து விதைப்பவன் நான்கு ஆண்டு கழித்து என்ன விலைக்கு விற்பான் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே சந்தையை விடப் பிள்ளையின் நாட்டத்தைப் பார்ப்பதே நல்லது. மோட்டாரைப் பிரித்து மாட்டும் பையனுக்கு மெக்கானிக்கல், மின்சாரப் பாடங்களில் இன்றும் இடம் உண்டு. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும்.

சீட்டின் நியாய விலை

சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகள் 65 சத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சத இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. கணக்கு மதிப்பெண் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்து, மொத்தம் 200க்குத் தரவரிசை. நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தபடி, கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடமானால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000 மற்றும் 87,000. இவை மாறக்கூடியவை, சேரும் ஆண்டின் கட்டணத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நான்கு ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரும்.

இதற்கு வெளியே கேட்கும் பணம் நன்கொடை. 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது. பில் இல்லாத சரக்கை வாங்கினால் பின்னால் நமக்கு என்ன கதி என்று வணிகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு, பிள்ளை இடையில் நின்றுவிட்டால் ஒரு காசும் கேட்க முடியாது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது.

நம் கடைக்காரர் பலர் விட்டுவிடும் சலுகை ஒன்று உண்டு. குடும்பத்தில் இதுவரை பட்டதாரியே இல்லையானால், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கலந்தாய்வில் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது. 2010 முதல் இது நடைமுறையில் உள்ளது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சத ஒதுக்கீடும் உண்டு. அதில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சான்றிதழை இ-சேவை மையத்தில் ஏப்ரல், மே மாதத்திலேயே விண்ணப்பித்து வாங்கிவைத்துக்கொள்ளவேண்டும். கடைசி நேரத்தில் அலைந்தால் தேதி போய்விடும்.

கடை முதலா, வங்கிக் கடனா?

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறோம். விடுதி, பேருந்து, புத்தகம் எல்லாம் சேர்த்துப் படிப்புக்கு 4 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "வங்கிக் கடன் வட்டி, நம்ம பணம் என்றால் வட்டி இல்லை" என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இதுதான் பெரும் பிழை.

ஒரு மளிகைக் கடையில் 4 லட்ச ரூபாய்ச் சரக்கு மாதம் ஒரு சுற்று சுற்றினால், செலவு போக நூற்றுக்கு 4 ரூபாய் நின்றாலும் மாதம் 16,000 ரூபாய். அந்த 4 லட்சத்தை எடுத்துவிட்டால் போவது இந்த 16,000 மட்டுமா? சரக்கு குறைந்ததால் வாடகை குறையாது, கரண்ட் பில் குறையாது. அலமாரியில் மூன்று சாமான் இல்லை என்றால் வாடிக்கைக்காரர் நான்காவது சாமானையும் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் பட்டியலே அங்கு போய்விடும். வங்கிக் கடனுக்கு 10 சதம் வட்டி என்றால் 4 லட்சத்துக்கு மாதம் 3,333 ரூபாய்தான். ஆக, கடை முதலை எடுப்பதே எல்லாக் கடனிலும் வட்டி கூடிய கடன். கைமாற்றாக இரண்டு வட்டிக்கு வாங்குவது அதற்கு அடுத்தது. ஆண்டுக்கு 24 சதம் ஆகிறது.

கல்விக் கடன் 4 லட்சம் வரை சொந்தப் பங்கும் சொத்து ஈடும் இல்லாமல் தரும்படி வங்கிகளின் பொதுத் திட்டம் உள்ளது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதை மறக்கலாகாது. ஆண்டுக்கு ஒரு லட்சமாக வாங்கி, ஐந்து ஆண்டு ஒன்றும் கட்டாமல் விட்டால், 10 சதத் தனி வட்டியில் 1,40,000 ரூபாய் சேர்ந்து கடன் 5,40,000 ஆகிவிடும். அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 9,000 ரூபாய். மாறாக, படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய், நான்காம் ஆண்டில் 3,333 ரூபாய். பிறகு பிள்ளை மாதம் 6,640 கட்டினால் போதும். அந்த 833 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுங்கள், முதலிலிருந்து எடுக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீடு என்றால் சில வங்கிகள் தயங்கும் என்பதால், பணம் கட்டுமுன் கிளை மேலாளரைப் பார்த்துவிடுவது நல்லது.

குத்தூசி விட்டுப் பார்க்க வேண்டும்

மூட்டையின் வாயில் நல்ல சரக்கைப் பரப்பி, உள்ளே சொத்தையை வைப்பவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. 2024இல் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது வெளிவந்து பெரும் பேச்சாயிற்று. கல்லூரிக்கும் குத்தூசி விட்டுப் பார்க்கவேண்டும்.

முதலாவது, அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதில் உங்கள் கல்லூரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கு முப்பது பேர் தேறும் கல்லூரியில் உங்கள் பிள்ளை அந்த முப்பதில் இருப்பான் என்பதற்கு யார் ஜாமீன்? தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால், அங்கே தேர்ச்சி விகிதத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

இரண்டாவது, கல்லூரி முழுமைக்கும் ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் பாடவாரியாகத் தரப்படுவது. நீங்கள் சேரும் பாடத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, வேலைவாய்ப்பு விளம்பரத்தில் மிக உயர்ந்த சம்பளம் வாங்கிய ஒரு பிள்ளையின் படம் இருக்கும். சந்தையில் ஒரு மூட்டை உச்ச விலைக்குப் போனால் அன்றைய விலை அதுவாகிவிடுமா? எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்கவேண்டும். பெரிய மென்பொருள் கம்பெனிகள் பெரும்பாலான புதியவர்களுக்குக் கொடுத்துவந்த ஆண்டுச் சம்பளம், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றது. நம் கடைக்காரர்களின் பிள்ளைகளில் தொழிற்சாலைக்குப் போனவர்கள் 15,000, 18,000 ரூபாயில்தான் தொடங்கினார்கள். இது தெரிந்து சேர்த்தால் பின்னால் ஏமாற்றம் இல்லை.

நான்காவது, கல்லூரி வாசலில் உள்ள டீக்கடையில் கால் மணி நேரம் உட்காருங்கள். கடைசி ஆண்டுப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பட்டம் ஓர் அனுமதிச் சீட்டு

சேர்ந்தபின் தகப்பனார் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "அரியர் இருக்கா?" கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பல, நிலுவைத் தாள் உள்ளவரைத் தேர்வெழுதவே விடுவதில்லை, அறுபது சதம் என்று ஒரு வரம்பும் வைக்கின்றன. நமது மகன் தவறியது அங்கேதான். அதற்காக அதட்டிக் கேட்கக் கூடாது, அதட்டினால் மறைப்பான். முதல் அரையாண்டிலேயே தெரிந்துகொண்டால் சரிசெய்ய வழி உண்டு.

தனியார் வேலை மட்டுமே வழியன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொழில்நுட்பப் பணித் தேர்வும், ரயில்வே தேர்வுகளும் இருக்கின்றன. கேட் தேர்வு எழுதினால் மேற்படிப்புக்கும் சில பொதுத்துறை நிறுவனங்களுக்கும் வழி கிடைக்கும். வேலை உடனே கிடைக்காத பட்டதாரிக்குப் பயிலுநர் சட்டப்படி ஓராண்டுப் பயிற்சி உண்டு. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வகுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கணக்குப் பாடத்தில் தடுமாறும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் படித்தால், நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவோடு வேலைக்கும் போகலாம். செலவும் குறைவு, கையில் தொழிலும் இருக்கும்.

கல்லாவுக்கு வரும் பிள்ளை

படித்துவிட்டுக் கடைக்கே திரும்பும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். "இன்ஜினீயரிங் படிச்சும் பொட்டலம் மடிக்கிறான்" என்று நம்மவர்களே கேலி பேசுகிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நம்மில் எத்தனை பேர் கணக்கைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளிடம் போய் நின்றோம்? இன்று செல்போனில் கேட்டால் பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவந்து தரும் கம்பெனிகளோடு போட்டி போடவேண்டிய கடைக்கு, படித்த பிள்ளை வந்து உட்காருவது நட்டமா, லாபமா? தன் கடைக்கு விரும்பி வருபவனை யாரும் தோற்றவன் என்று சொல்லக்கூடாது. வீட்டில் தகப்பனார் அப்படிச் சொல்லாவிட்டால் தெருவும் சொல்லாது. இதை நாம் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டோம்.

உசிலம்பட்டிக்காரர் அன்று அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டவில்லை. பையனைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கச் செய்தார். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினார். வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில், தேர்ச்சி விகிதம் பரவாயில்லை என்ற ஒரு கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பாடம் கிடைத்தது. பெரிய பெயர் உள்ள கல்லூரி அல்ல. மீதிக்கு வங்கிக் கடன். வட்டியை மாதாமாதம் கட்டி வருகிறார். பையனுக்கு முதல் அரையாண்டில் ஒரு தாள் போயிற்று. அவனே வந்து சொல்லியிருக்கிறான், அடுத்த தேர்வில் முடித்துவிட்டான்.

நான்கு ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. வேலை கிடைக்கலாம், தாமதம் ஆகலாம். எது நடந்தாலும் கடை திறந்திருக்கும், அலமாரியில் சரக்கு இருக்கும், அவன் தகப்பனார் எவரிடமும் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. சென்ற வாரமும் பாக்கியைச் சொன்ன தேதியில் எண்ணி வைத்துவிட்டு, இரண்டு மூட்டை துவரம்பருப்பும் ஒரு மூட்டை உளுந்தும் எடுத்துப் போனார்.